ஏருக்கு மறுத்த மரம் மட்டைக்குப் போயிற்று

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் காட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். பஞ்சப்படியையும் கூலி உயர்வையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டோம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையிலும் கூலி இருக்கிறது, காண்ட்ராக்டர் இருக்கிறான், ஏலம் இருக்கிறது, சர்க்கார் இருக்கிறது. துப்பாக்கிக்கு நேரே மார்பைக் காட்டி நின்ற ஒரு விதவைத் தாயும் இருக்கிறார்.

ஒரு நுகத்தடியிலிருந்து தொடங்குவோம். எந்த மரம் கலப்பைக்கு ஆகும், எது நுகத்துக்கு ஆகும், எது மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கும் என்பதையெல்லாம் விவசாயத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இமயமலையில் கார்வால் என்று ஒரு பிரதேசம். இன்று அது உத்தராகண்ட் ராஜ்யத்தில் இருக்கிறது. 2000 நவம்பர் வரை உத்தரப் பிரதேசத்தோடு இருந்தது. அங்கே சமோலி ஜில்லாவின் விவசாயிகள் நுகத்தடிக்குத் தேடுகிற மரத்துக்கு ‘அங்கூ’ என்று பெயர். கையில் எடுத்தால் இலேசு, ஆனால் முறியாது. மலைச்சரிவில் படிக்கட்டு போல வெட்டிய துண்டு வயல்களில் உழுகிற மாட்டுக்கு அந்த இலேசு பெரிய உபகாரம்.

இதே மரத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. டென்னிஸ் மட்டை செய்யலாம்.

1973-ம் ஆண்டில் அங்குள்ள தசோலி கிராம சுயராஜ்ய சங்கம், விவசாயக் கருவிகள் செய்யச் சில அங்கூ மரங்கள் வேண்டும் என்று காட்டிலாகாவுக்கு மனுப் போட்டது. இந்தச் சங்கத்தை 1964-ல் கோபேஷ்வர் என்ற சிறு ஊரில் அமைத்தவர்களில் முக்கியமானவர் சண்டி பிரசாத் பட். பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். கிராமத்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டுறவாக ரோடு வேலை எடுப்பது, சிறு பட்டறை நடத்துவது, இதுதான் சங்கத்தின் வேலை. மனுவுக்கு இலாகாவின் பதில் என்ன? அங்கூ கிடையாது, வேண்டுமானால் ‘சீர்’ என்ற ஊசியிலை மரத்தை எடுத்துக்கொள்! சீர் மரத்தில் நுகத்தடி செய்யச் சொல்வது, நம் ஊரில் முருங்கை மரத்தில் வண்டி அச்சு செய்யச் சொல்வது போலத்தான்.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது. மண்டல் என்ற கிராமத்துக் காட்டில் நிற்கும் அங்கூ மரங்களை, அலகாபாத்திலுள்ள சைமண்ட்ஸ் என்னும் விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு இலாகா கொடுத்துவிட்டது. ஏருக்கு இல்லாத மரம் பந்தடிக்கிற மட்டைக்கு இருக்கிறது!

தண்டவாளம் தின்ற காடு

இந்த அநியாயம் 1973-ல் திடீரென்று முளைக்கவில்லை. நூறு வருஷத்து வேர் இதற்கு உண்டு. 1853-ல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. வெள்ளைக்காரனுக்குப் பஞ்சைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், துணியை உள்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பட்டாளத்தை எங்கும் அனுப்ப வேண்டும். ஒரு மைல் தண்டவாளம் போட 1,700 முதல் 2,000 கட்டைகள் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கட்டை உளுத்துப்போகும், மறுபடியும் புதுக் கட்டை. அந்தப் பாரத்தை எல்லா மரமும் தாங்காது. தேக்கு, சால், தேவதாரு போன்ற சில மரங்களே தாங்கும். தேவதாரு இருப்பது இமயமலையில்.

வில்சன் என்ற ஒரு வெள்ளைக்காரன் டெஹ்ரி சமஸ்தானத்து ராஜாவிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்தான். மரங்களை வெட்டிக் கங்கையின் தலையாற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பினான். பெரும் பணக்காரன் ஆனான். இலாபத்தைப் பார்த்ததும் பிரிட்டிஷ் சர்க்காரே களத்தில் இறங்கியது. 1864-ல் காட்டிலாகா அமைத்தார்கள். அதன் தலைவராகப் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை நியமித்தார்கள். 1865-ல் ஒரு சட்டம். அது போதாதென்று 1878-ல் இன்னொரு சட்டம். நம் சென்னை ராஜதானிக்குத் தனியாக 1882-ல் ஒன்று.

சட்டம் செய்த காரியம் இதுதான்: காடு சர்க்கார் சொத்து. அதுவரை விறகெடுப்பதும், ஆடுமாடு மேய்ப்பதும், வீட்டுக்கு உத்திரம் வெட்டுவதும் ஊராரின் உரிமை. இனி அது சலுகை. கார்டு பார்த்துக் கொடுத்தால் உண்டு, பிடுங்கினால் இல்லை. காட்டில் பிறந்தவன் காட்டில் திருடன் ஆனான்.

ஜனங்கள் இதைத் தலைகுனிந்து ஏற்கவில்லை. பக்கத்துக் குமாவோனில், 1921 ஜனவரியில், அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்கும் வெட்டி வேலையை இனிச் செய்வதில்லை என்று ஆயிரக்கணக்கானவர்கள் பாகேஷ்வரில் முடிவு செய்தார்கள். அந்தக் கோடையில் சர்க்காரின் சீர் மரக் காடுகள் எரிந்தன. 1930 மே 30-ந் தேதி டெஹ்ரி சமஸ்தானத்தில் திலாரி என்ற இடத்தில் காட்டுரிமைக்காகக் கூடிய விவசாயிகளை ராஜாவின் படை சுட்டது. பலர் மாண்டார்கள். அங்கே சுட்டது வெள்ளைக்காரன் படையல்ல, சுதேசி ராஜாவின் படை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணின் முதுகில் ஏறிய பாரம்

காடு போனால் யாருக்கு என்ன போகிறது? பாஞ்ச் என்று ஒரு மரம் அந்த மலையில் உண்டு. அதன் தழை மாட்டுக்குத் தீனி, உதிர்ந்த சருகு வயலுக்கு எரு, கிளை அடுப்புக்கு விறகு. அது நிற்கிற சரிவில் ஊற்று வற்றாது. ஆனால் காண்ட்ராக்டருக்கு அதில் காசு இல்லை. சீர் மரத்தில் காசு உண்டு. பிசின் வடிக்கலாம், டர்பண்டைன் எடுக்கலாம், கட்டை அறுக்கலாம். ஆகவே இலாகா பல இடங்களில் சீரையே வளர்த்தது. சீரின் ஊசியிலையை மாடு தின்னாது. அது விழுந்து மூடிய தரையில் புல் முளைப்பது அரிது. கோடையில் ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

அந்த மலையில் விறகு, தழை, தண்ணீர் மூன்றும் பெண்கள் சுமப்பவை. ஊர் ஓரத்துக் காடு போனதும் அடுத்த மலை. அதுவும் போனதும் அதற்கடுத்த மலை. கூப்பு ஒன்று முடிந்தால் காண்ட்ராக்டரின் கணக்கில் இத்தனை கன அடி என்று ஏறும். பெண் கூடுதலாக நடந்த மைல் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆலையில் வேலைப்பளு கூடினால் நாம் போர்டில் நோட்டீஸ் ஒட்டிப் போராடுகிறோம். இந்த வேலைப்பளுவுக்கு எதிராக எந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது?

ஆண்கள் ஊரிலே தங்கவில்லை. வயல் பத்தாது, காட்டில் உரிமை இல்லை, கூப்பு வேலையும் கிடைக்காது. காண்ட்ராக்டர் வெளியிலிருந்து கூலிகளைக் கொண்டுவருவான். உள்ளூர்க்காரன் கூட்டுச் சேர்ந்து கேள்வி கேட்பான். வெளியூர்க்காரன் முன்பணம் வாங்கியவன், வாய் திறக்கமாட்டான். தந்திரம் நமக்குப் புதிதா? கரும்பு வெட்டிலும் செங்கல் சூளையிலும் நாம் பார்ப்பதுதானே! ஆகவே கார்வால் இளைஞன் சமவெளிக்கு இறங்கினான். டில்லியில் ஹோட்டல் பாத்திரம் கழுவினான், லாரி ஓட்டினான், பட்டாளத்தில் சேர்ந்தான். ஊர் மணியார்டரில் பிழைத்தது. (பட்டாளம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1930-ல் பெஷாவரில் நிராயுதபாணி ஜனங்களைச் சுட மறுத்தார்களே கார்வால் சிப்பாய்கள், அவர்களுக்குத் தலைமை தாங்கிய சந்திர சிங் கார்வாலி இந்த மலைப் பிள்ளைதான். பின்னாளில் நம் இயக்கத்துக்கு வந்தவர்.)

வேலை இல்லாத ஊருக்குச் சாராயம் மட்டும் தவறாமல் வந்தது. 1960-களில் கார்வால் பெண்கள் சாராயக் கடைகளை மறித்துப் போராடினார்கள். பின்னால் காட்டில் நின்றவர்களுக்கு அந்த மறியல்கள்தான் பாடசாலை.

இன்னொன்றும் கேளுங்கள். கோபேஷ்வரில் சங்கம் ஒரு சிறிய டர்பண்டைன் பட்டறை வைத்தது. மலையில் வடிகிற பிசின், மலையிலேயே வேலை. ஆனால் பரேலியிலுள்ள பெரிய ஆலைக்குச் சலுகை விலையில் பிசின் கொடுத்த சர்க்கார், இந்தப் பட்டறைக்குக் கூடுதல் விலை போட்டது. அதுவும் போதுமான அளவு கொடுக்கவில்லை. 1971-லும் 1972-லும் மலை நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன. கோரிக்கை தெளிவானது: காண்ட்ராக்ட் முறை ஒழிக, ஊராருக்கு முதலுரிமை கொடு, உள்ளூர்த் தொழிலுக்குக் கச்சாப்பொருள் கொடு.

இதற்கு நடுவே 1970 ஜூலையில் அலகநந்தா ஆறு பெருக்கெடுத்தது. பாலங்கள், வீடுகள், பஸ்கள், ஆட்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. நிவாரண வேலைக்கு மலையேறிய சங்கத்து ஊழியர்கள் ஒன்றைக் கண்டார்கள். எங்கே காடு மொட்டையடிக்கப்பட்டதோ, அங்கேதான் மண் அதிகம் சரிந்திருந்தது. படித்த நிபுணர் யாரும் இதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

சினிமாவும் நஷ்ட ஈடும்

1973 ஏப்ரலில் மண்டல் காட்டுக்கு மட்டைக் கம்பெனி ஆள் வந்தான். ஊரார் தாரை தப்பட்டையோடு திரண்டார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். ‘சிப்கோ’ என்றால் கட்டிக்கொள், ஒட்டிக்கொள் என்று அர்த்தம். கம்பெனி ஆள் திரும்பினான்.

இலாகா விடுமா? அதே கம்பெனிக்குக் கேதார்நாத் பக்கத்தில் பாட்டா காட்டில் மரம் ஒதுக்கியது. அங்கும் ஊரார் காவல் இருந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள், பக்கத்து ஊரில் சினிமா காட்டப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. அந்த மலையில் சினிமா என்றால் திருவிழா மாதிரி. எல்லோரும் போனார்கள்; திரும்பி வருவதற்குள் காட்டில் கோடரி விழுந்துவிட்டது. சில மரங்கள் சாய்ந்தன. ஆனால் சாய்ந்த மரத்தைத் தூக்கிப் போக ஊரார் விடவில்லை.

அடுத்தது ரேணி. திபெத் எல்லைக்கு அருகே, ரிஷிகங்கை ஆற்றின் கரையில் உள்ள கிராமம். அங்குள்ளவர்கள் போட்டியா ஜனங்கள். திபெத்தோடு கம்பளியும் உப்பும் வியாபாரம் செய்து வாழ்ந்தவர்கள். 1962 சீன யுத்தத்தோடு எல்லை மூடியது, வியாபாரம் போயிற்று. நிலத்தில் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது காடு ஒன்றுதான். அந்தக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்களை 1974 ஜனவரியில் டேராடூனில் ஏலம் விட்டார்கள்.

ஜோஷிமட் வட்டாரத்துப் பிரமுக்காக இருந்த கம்யூனிஸ்டு ஊழியர் கோவிந்த் சிங் ராவத் ஊர் ஊராகப் போய் ஜனங்களைத் தட்டி எழுப்பினார். ஊர் தயாராக இருக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தது. ஆகவே ஒரு வேலை செய்தார்கள். ராணுவம் எடுத்த நிலத்துக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த நஷ்ட ஈட்டை 1974 மார்ச் 26-ந் தேதி கொடுக்கிறோம், சமோலிக்கு வாருங்கள் என்றார்கள். ஆண்கள் எல்லோரும் போனார்கள். அன்றே சங்கத்தின் தலைவர்களை இலாகாவின் பெரிய அதிகாரி பேச்சுக்கென்று கோபேஷ்வரில் நிறுத்திவைத்தார். அன்றே கூலிகளை ஏற்றிக்கொண்டு காண்ட்ராக்டரின் ஆட்கள் ரேணிக்குப் புறப்பட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆமை வேகத்தில் ஊர்ந்த ஃபைல், மரம் வெட்டுகிற நாளன்று மட்டும் ஓடியது எப்படி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆற்றோரமாக ஆட்கள் காட்டுக்கு ஏறுவதை ஒரு சிறுமி பார்த்துவிட்டாள். ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். கௌரா தேவி மாதர் சங்கத் தலைவி. இளமையிலேயே புருஷனை இழந்தவர். அப்போது வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை. வீடு வீடாகக் கூப்பிட்டார். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, பெண்களும் சிறுமிகளுமாக 27 பேர் காட்டுக்கு ஏறினார்கள்.

கூலிகள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை இவர்கள் ஏசவில்லை. அண்ணன்மாரே, இந்தக் காடு எங்கள் தாய்வீடு, இதை வெட்டினால் மலை எங்கள் வீட்டின் மேலே வந்து விழும், சாப்பிட்டுவிட்டு எங்களோடு கீழே இறங்கி வாருங்கள், எங்கள் ஆண்கள் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் குடிவெறியில் அதை நீட்டினான். கௌரா தேவி முன்னால் வந்தார். சுடு, பிறகு காட்டை வெட்டிக்கொள் என்று நின்றார். கூலிகள் பின்வாங்கினார்கள். மண்சரிவைக் கடக்கப் போட்டிருந்த பலகைப் பாதையைப் பெண்கள் தகர்த்துவிட்டு, இரவு முழுவதும் அந்த மலையில் காவல் இருந்தார்கள். நஷ்ட ஈடு வாங்கப் போன ஆண்கள் மறுநாள் வந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

யாருக்குக் காடு?

சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அதன் அறிக்கையின் மேல் 1976-ல் ரேணியைச் சேர்ந்த ஆற்றுப் படுகையில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்து வருஷத்துக்கு வியாபார வெட்டு நின்றது. 1980-களின் தொடக்கத்தில் அந்த மலைகளில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரம் வெட்டுவதே தடையாயிற்று. இது வெற்றிதான். ஆனால் இத்தோடு கதையை முடித்துப் படம் வரைந்து மாட்டிவிடுகிறார்கள். மிச்சத்தையும் நாம் சொல்ல வேண்டும்.

1980-ல் டூங்ரி பைந்தோலி என்ற ஊரில் பஞ்சாயத்து ஆண்கள் தங்கள் பாஞ்ச் காட்டை உருளைக்கிழங்கு விதைப் பண்ணைக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். பதிலுக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் வரும் என்று வாக்குறுதி. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியுமா? ரோடு கேட்காத மலையூர் எது? ஆனால் விறகுக்கும் தழைக்கும் இனி எத்தனை மைல் போவது என்று பெண்களை யாரும் கேட்கவில்லை. பெண்கள் எதிர்த்தார்கள். சொந்த வீட்டு ஆண்களின் மிரட்டலையும் தாங்கிக்கொண்டு காட்டைக் காப்பாற்றினார்கள்.

ரேணிக்கும் வேறு விதத்தில் அடி விழுந்தது. 1982-ல் நந்தா தேவி மலைப் பிரதேசத்தைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து மூடினார்கள். எந்த ஜனங்கள் காட்டைக் காத்தார்களோ, அவர்களுடைய ஆட்டுக்கு மேய்ச்சல் போயிற்று. மலையேறிகளுக்குச் சுமை தூக்கிப் பிழைத்த வேலையும் போயிற்று. வெட்டுகிற பெயரால் வெளியே தள்ளியவர்கள், காக்கிற பெயராலும் வெளியே தள்ளினார்கள். 1998-ல் அந்த வட்டாரத்து ஜனங்கள் தடையை மீறிப் பூங்காவுக்குள் நடந்தே போய்த் தங்கள் உரிமையைக் கேட்டார்கள்.

ரிஷிகங்கையில் தனியார் மின்சாரத் திட்டம் ஒன்று வந்தது. வெடி வைப்பதால் மலை ஆடுகிறது என்று ரேணி ஊரார் 2019-ல் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2021 பிப்ரவரி 7-ந் தேதி மேலே ஒரு சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து ஆறு சுவர் போல எழுந்து வந்தது. அந்தத் திட்டமே இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கீழே தபோவனத்தில் நடந்துகொண்டிருந்த பெரிய திட்டத்தின் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தது. செத்தவர்களும் காணாமற்போனவர்களும் இருநூறுக்கு மேல். அவர்களில் மிகப் பலர் வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அந்த வருஷமே மழையில் ரேணியின் அடிமண் அரித்தது. வேறு இடத்தில் குடியமர்த்துங்கள் என்று ஊரார் கேட்டார்கள். ஊரில் நின்ற கௌரா தேவி சிலையைப் பெயர்த்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறோம்: ‘மரம் வெட்ட வந்த கூலிகளும் தொழிலாளிகள்தானே? அவர்கள் வேலை போனது மட்டும் சரியா?’

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். 1971, 1972 கோரிக்கைகளை மறுபடி பாருங்கள். மரமே வெட்டக்கூடாது என்று அவற்றில் இல்லை. காண்ட்ராக்டர் வேண்டாம், உள்ளூர்த் தொழிலாளர் கூட்டுறவு வெட்டட்டும், ஊர்த் தேவை முதலில் தீரட்டும் என்றுதான் இருக்கிறது. போராட்டத்துக்குப் பிறகு சர்க்கார் காண்ட்ராக்டருக்குப் பதிலாகக் காட்டு வளர்ச்சிக் கார்ப்பொரேஷனைக் கொண்டுவந்தது. கூட்டுறவு கேட்டவனுக்குக் கார்ப்பொரேஷன் கிடைத்தது பாதிக் கிணறு தாண்டிய கதை. பிறகு வந்த முழுத் தடை காட்டுக்கு நல்லது செய்தது. ஆனால் கூப்புக் கூலிக்கு மாற்று வேலை என்ன என்று அதில் ஒரு வரி இல்லை. 1980-களின் கடைசியில் குமாவோன் பக்கம் ரோடும் தண்ணீர்க் குழாயும் காட்டுச் சட்டத்தால் நிற்கின்றன என்று ஆத்திரப்பட்டு ஜனங்களே மரங்களை வெட்டிச் சாய்த்த போராட்டமும் நடந்தது. அதே மலை, அதே ஜனங்கள்தான்!

சீட்டு எழுதிய தோழர் இளவயதில் கூப்பில் கட்டை இழுத்தவர் என்று பக்கத்தில் உள்ள தோழர்கள் சொல்கிறார்கள். மேஸ்திரி முறை, முன்பணம், கட்டை உருண்டு கால் போனவனுக்கு என்ன கொடுத்தார்கள், இதெல்லாம் நம்மைவிட அவருக்குத் தெரியும். அடுத்த வகுப்பில் முதல் அரை மணி நேரம் அவர் பேசட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.